மகாராணி கண் விழிக்கும் முன்

— அங்க உக்காராதீங்க டாக்டரம்மா, அது என் இடம். உங்களுக்கு இந்த வாளியைக் கவுத்துப் போட்டிருக்கேன்.

— சுவரோரமா ஒரு துண்டுத் தரை. அதுக்குப் பத்திரம் எழுதி வாங்கிட்டீங்களாக்கா?

— குரங்குக் கூண்டுல இத்தனை வருஷம் கூட்டிப் பெருக்கினா அந்தப் புத்திதான் வரும். அவங்கவங்க இடத்துல அவங்கவங்க உக்காரணும். மாறி உக்காந்தா கடிச்சு வெச்சிருவோம்.

— கடி வாங்க நேரமில்ல, வாளியே போதும். மகாராணி மூச்சைப் பார்த்துக்கிட்டே இருங்க.

— பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். வாயைப் பொளந்துகிட்டு தூங்குது. இப்ப ஒரு விரல் அசைஞ்சுச்சு.

— அசையட்டும். மயக்கம் முழுசாத் தெளிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. அதுக்குள்ள நான் நம்ம மிருகக்காட்சிசாலை டைரக்டருக்குப் போன் பண்ணியாகணும்.

— என்ன அவசரம்? அது முழிச்சதும் சொல்லிக்கலாமே.

— முழிக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்னுதான் சொல்லியிருக்கார். "வயசான குரங்கு, மூலையில சுருண்டு கிடக்குது, வர்றவங்கள்லாம் புகார் சொல்றாங்க. வயித்துக்குள்ள கேமராவை விட்டுப் பாருங்க. தினமும் வலியில துடிக்கிற உடம்புன்னு தெரிஞ்சா திரும்ப எழுப்பி ஏன் கஷ்டப்படுத்தணும், அந்தத் தூக்கத்துலயே அனுப்பிடுங்க"ன்னார். கெட்ட மனுஷர் இல்லக்கா. இரக்கப்பட்டுதான் சொன்னார்.

— அப்ப அந்தத் தட்டுல இருக்கற ஊசி?

— அதுக்குத்தான்.

— அதும்மேல ஒரு துணியப் போடுங்க. கண்ணை உறுத்துது.

— போட்டுட்டேன்.

— இப்ப சொல்லுங்க. வயித்துக்குள்ள கேமராவை விட்டீங்களே, என்ன பார்த்தீங்க? புத்துநோயா?

— இல்ல. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். உள்ள பார்த்தா அங்கங்க கருநீலப் புள்ளி. யாரோ பேனா மையை உதறின மாதிரி. சினைப்பையில ஒரு கட்டி, உள்ள பழைய ரத்தம் கெட்டியாகிக் காப்பித்தூள் கரைசல் மாதிரி. குடலும் கர்ப்பப்பையும் பசை தடவினாப்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு.

— பேரே வயித்தைப் பிசையுது. எங்க காதுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— கர்ப்பப்பைக்கு உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கும். மாசாமாசம் அது வளரும், குழந்தை தங்கலேன்னா உதிர்ந்து ரத்தமா வெளிய போகும். இந்த ஜாதிக் குரங்குக்கும் நமக்கு மாதிரியேதான்.

— தெரியும். அதோட மாசக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

— அந்தப் பூச்சுல கொஞ்சம் வெளிய போகாம, பின்பக்கமா, சினைக்குழாய் வழியா வயித்துக்குள்ள சிந்திடும். அங்க போய் ஒட்டிக்கிட்டு வளர்ந்தா இந்த நோய். ஆனா இங்கதான் வேடிக்கையே. சிந்தறது கிட்டத்தட்ட எல்லாப் பொம்பளைங்களுக்கும் சிந்துது. நோய் வர்றது சிலருக்குத்தான்.

— ஒரு சந்தேகம். எல்லாருக்கும் சிந்துதுன்னா, மத்தவங்களுக்கு அது எங்க போகுது? யார் கூட்டிப் பெருக்கறாங்க?

— நல்ல கேள்விக்கா. உடம்புலயும் உங்களை மாதிரி ஆளுங்க இருக்காங்க. விழுங்கு செல்னு சொல்லுவோம். தப்பான இடத்துல குப்பை கிடந்தா வந்து விழுங்கிட்டுப் போயிடும். கிருமி வந்தாலும், காயம் பட்டாலும் முதல்ல ஓடி வர்றது அதுதான்.

— மகாராணிக்கு அந்த ஆளுங்க வேலைக்கு வரலையா? டிமிக்கி கொடுத்துட்டாங்களா?

— வந்திருக்காங்க. கூட்டமா வந்திருக்காங்க. போன வாரம் அதோட வயித்துத் தண்ணியில கொஞ்சம் ஊசியில எடுத்தேன் இல்ல? ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு சிநேகிதி இருக்கா. பொம்பளைங்களோட தண்ணியைப் பரிசோதிக்கிற மெஷின்ல இதையும் ஓட்டிப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணினா. "இந்தம்மா யாரு, உள்ள கலவரமே நடக்குதே"ன்னு கேட்டா. அம்மா இல்ல, வாலு இருக்குன்னேன்.

— கலவரம்னு எதை வெச்சுச் சொன்னாங்க?

— கூப்பாட்டை வெச்சு. ஒரு விழுங்கு செல் வேண்டாத எதையாவது பார்த்தா, சும்மா இருக்காது. பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி ஒரு ரசாயனத்தை வெளிய விடும். "இங்க பிரச்சினை, வாங்க"ன்னு அர்த்தம். சைட்டோகைன்னு பேரு. இன்டர்லூகின் ஆறு, எட்டுன்னு நம்பர் போட்டு வெச்சிருக்கோம். ஒவ்வொரு நம்பருக்கும் வேற வேற செய்தி.

— அட, அப்படிப் போடுங்க. நம்ம மேஸ்திரி கத்தற மாதிரி. பாம்புன்னா ஒரு கத்தல், பருந்துன்னா ஒரு கத்தல்.

— மேஸ்திரி யாரு? அந்தப் பெரிய ஆண் குரங்கா, எதுக்கெடுத்தாலும் மேல ஏறி நின்னு மேற்பார்வை பாக்குமே?

— அவரேதான். நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு. தோட்டக்காரர் கறுப்பு ரப்பர் ஓஸைச் சுருட்டாம வேலியோரம் போட்டுட்டுப் போயிட்டாரு. மேஸ்திரி பார்த்துட்டுப் பாம்புக் கத்தல் கத்தினாரு. ஒடனே மொத்தக் கூட்டமும் வேலிக்கிட்ட வந்து கத்துது. நான் ஓடிப் போய் ஓஸை எடுத்து ஒளிச்சு வெச்சிட்டேன். நிக்குதா? நிக்கல. இது கத்தறதைக் கேட்டு அது கத்துது, அது கத்தறதைக் கேட்டு இது கத்துது. பக்கத்துக் கூண்டுல கிளிங்களும் சேர்ந்துக்கிச்சு.

— நிறுத்திடாதீங்கக்கா. அப்புறம்?

— சத்தத்தைக் கேட்டுப் பார்வையாளருங்க கூடிட்டாங்க. கூட்டத்தைப் பார்த்து ஐஸ் வண்டிக்காரர் வந்து நின்னாரு. ஐஸ் கிடைக்குதுன்னதும் கூட்டம் கலையவே இல்ல. ஒழுங்குபடுத்தறோம்னு காவலாளுங்க மைக் கட்டினாங்க. அந்த மைக்குல இந்தக் கத்தல் எல்லாம் விழுந்து, அங்க மேல டைரக்டர் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் தொண்டை வத்தித்தான் ஓய்ஞ்சாங்க.

— அக்கா, நான் ரெண்டு வருஷம் படிச்சதை நீங்க ஒரு ஓஸை வெச்சுச் சொல்லிட்டீங்க.

— கிண்டல் வேணாம்.

— கிண்டல் இல்ல, கேளுங்க. விழுங்கு செல் கூப்பாடு போடும். அதைக் கேட்டு இன்னும் நாலு வரும், அதுங்களும் போடும். ஐஸ் வண்டின்னீங்களே, அதுதான் புது ரத்தக் குழாய். கூப்பாட்டுல ஒரு செய்தி, "இங்க ஆள் நிறைய, தீனி அனுப்பு"ன்னு சொல்லும். உடனே அந்தப் புள்ளிக்கு ரத்தக் குழாய் முளைக்கும். தீனி வந்துட்டா அது ஏன் சாகணும், இன்னும் வளரும். அடுத்தது மைக்.

— மைக் எதுக்கு சமானம்?

— நரம்பு. அந்தக் கட்டிக்குள்ளயே புது நரம்பு நுழையும். அதுவரைக்கும் உள்ளூர்ச் சத்தம். நரம்பு வந்ததும் மேல தலைக்குக் கேக்கும்.

— அதுதான் வலி.

— அதுதான் வலி. டைரக்டர் ரூம்ல கேட்ட மாதிரி.

— சரி, அந்தக் கட்டி வேற என்ன பண்ணும்? சும்மா தின்னுக்கிட்டு உக்காந்திருக்குமா?

— அது ரொம்ப கெட்டிக்காரக் கட்டி. தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே தயார் பண்ணிக்கும். கூப்பாடு கூடினா ஈஸ்ட்ரோஜன் கூடும், ஈஸ்ட்ரோஜன் கூடினா கூப்பாடு கூடும். ஓஸை எடுத்தப்புறமும் கத்தினாங்களே, அந்த மாதிரி ஒரு வட்டம். ஆனா ஒரு இடத்துல உங்க உதாரணம் உதைக்குது. அன்னிக்குப் பாம்பு இல்ல, வெறும் ஓஸு. இங்க நிஜமாவே ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, மாசாமாசம் ரத்தமும் கசியுது.

— எனக்கு உதைக்கறது வேற இடம். அவ்ளோ பேர் வந்தாங்களே, ஒருத்தனாவது அதை விழுங்கித் தொலைக்க வேண்டியதுதானே? வந்த வேலை அதுதானே?

— இங்கதான் வேடிக்கையே. விழுங்கு செல்லுக்கு ரெண்டு வேலை தெரியும். ஒண்ணு, குப்பையை விழுங்கறது. இன்னொண்ணு, காயத்தை மூடறது. மாசாமாசம் ரத்தம் கசிஞ்சா அதுக்கு அந்த இடம் காயம் மாதிரித் தெரியுது. விழுங்க வந்தவங்க அதை விட்டுட்டு மராமத்து பாக்க உக்காந்துடறாங்க. காயம் ஆறும்போது தழும்பு வருமில்ல? அந்தத் தழும்புதான் உள்ள பசை மாதிரிக் குடலை ஒட்ட வைக்குது.

— அடப்பாவிங்களா. இடிக்கச் சொல்லி அனுப்பினா பூசிக் கொடுத்துட்டு வந்திருக்கானுங்க.

— அதே.

— இதுல எது முதல்ல? கட்டி வந்து அதைப் பார்த்துக் கத்தினாங்களா, இல்ல, சும்மா கத்திக் கத்தியே கட்டியை வளர்த்துட்டாங்களா?

— அதைக் கண்டுபிடிச்சா எனக்கு சிலை வைப்பாங்க. முழுசா இன்னும் யாருக்கும் தெரியாதுக்கா. சிலருக்கு மட்டும் ஏன் இந்த விழுங்கு செல்லுங்க தடம் மாறுதுன்னு உலகம் பூரா தேடிக்கிட்டு இருக்காங்க. கூப்பாட்டுல ஒரே ஒரு நம்பரைப் பிடிச்சு வாயை அடைக்கிற மருந்தைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. கட்டி சுருங்கி, ஒட்டலும் குறைஞ்சுதாம். ஆனா அது நம்ம கைக்கு வர நாளாகும்.

— அப்ப இது பொம்பளைங்களுக்கு நிறைய வருமா? அரிதான நோய்னு நினைச்சேன்.

— பத்துல ஒருத்திக்கு இருக்குன்னு சொல்றாங்க. நிறைய பேருக்குக் கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆயிடுது.

— ஏன்? பொம்பளைங்களுக்குத்தான் வாய் இருக்கே. சொல்லலாமே.

— சொல்லுவாங்க. கேக்கறவங்க, எல்லாருக்கும் இருக்கறதுதானேம்பாங்க. கொஞ்ச நாள்ல சொல்றதை விட்டுடுவாங்க.

— ம். கை அசைஞ்சுச்சு, பாருங்க.

— பார்த்தேன். இன்னும் நேரமிருக்கு. அக்கா, இப்ப நான் ஒண்ணு கேக்கணும். அதோட வயித்துல மயிரை வழிச்சப்ப அந்தக் கறையைப் பார்த்தேன். பழுப்பா, மீன் வலை விரிச்ச மாதிரி. அப்படியே இருக்கு. பூஞ்சைன்னு நான் எழுதிக் கொடுத்த களிம்பைத் தடவினீங்களா இல்லையா?

— தடவாம? வாழைப்பழத்தைக் காட்டினா அதுவே வயித்தை நீட்டும். ரெண்டு வேளையும் தடவினேன்.

— ஒரு டியூப் ரெண்டு மூணு மாசத்துக்கு வரணும். நீங்க மாசாமாசம் கேக்கறீங்க. குரங்கு அதை ரொட்டியில தடவிச் சாப்பிடுதான்னு ஸ்டோர்காரர் என்னைக் கேக்கறார்.

— எனக்குக் கை தாராளம்னு சொல்லுங்க அவருகிட்ட.

— சரி, அதை விடுங்க. முக்கியமான கேள்விக்கு வர்றேன். டைரக்டர் கேக்கப் போறது ஒரே விஷயம். தினமும் வலிக்குதா, சில நாள்தானா? கேமராவுல கட்டி தெரியும், வலி தெரியாது. பார்க்கக் கொஞ்சமா இருந்தாலும் வலி உயிரை எடுக்கறதுண்டு, வயிறு நிறைய இருந்தும் வலியே தெரியாதவங்க இருக்காங்க. நான் வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்கறேன். நீங்கதான் கூடவே இருக்கீங்க.

— தினமும் இல்ல. ரத்தம் படறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிக்கும். ஒரு வாரம், சில மாசம் ஒண்ணு ரெண்டு நாள் கூட. அந்த நாள்ல அதுக்கு நாம யாருன்னே தெரியாது. தீனியைத் தொடாது. குட்டிங்க மேல ஏறினா பல்லைக் காட்டும்.

— மிச்ச நாள்?

— மிச்ச நாள்ல அதுதான் மகாராணி. என் கொண்டை ஊசியை உருவிக்கிட்டுப் போய் மேல உக்காந்து பல்லு குத்தும். மேஸ்திரிக்குப் பேன் பாக்கும், அவரு அசந்தா ஒரு அறை விடும். போன மாசம் என் செருப்பை ஒளிச்சு வெச்சிட்டு, நான் தேடறதைக் கன்னத்துல கை வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்துச்சு. அதை மூலையில சுருண்டு கிடக்கற குரங்குன்னு யார் சொன்னாலும் அந்த நாள்ல மட்டும் வந்து பார்த்தவங்க.

— நீங்க ஏன் இதை முன்னாடியே சொல்லல?

— சொல்ல என்ன இருக்கு? பொட்டையாப் பொறந்தா அப்படித்தான்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரர் ஒருநாள் சாவி கொடுக்க வந்தாரு, அது சுருண்டு கிடக்கறதைப் பார்த்துட்டு, "இது நடிக்குது"ன்னாரு. அவருக்கு யாரு சுருண்டு படுத்தாலும் நடிப்புதான்.

— அந்த நாள்ல அது எங்க போய் உக்காரும்? மரத்துலயா, தரையிலயா?

— சுவத்தோட. வயித்தை ஒட்டி, ரெண்டு கையையும் விரிச்சு, சுவத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். நாள் பூரா நகராது.

— எந்தச் சுவர்?

— இந்தச் சுவர்தான். அந்தப் பக்கம், கூண்டுக்குள்ள. சுவத்துக்குள்ள சுடுதண்ணிக் குழாய் போகுதே.

— தள்ளுங்க, கை வெச்சுப் பாக்கறேன். அக்கா, இது இவ்ளோ சூடா இருக்கே. இப்படி இருக்கக் கூடாதே.

— வால்வை நான்தான் கொஞ்சம் கூட்டி வெச்சேன். சுடாது, இதமாத்தான் இருக்கும். நீங்க ரிப்பேர்காரருகிட்ட சொல்லிடாதீங்க.

— கடவுளே. அது பூஞ்சையே இல்ல.

— எது?

— அந்தக் கறை. சுடாத சூடுதான், ஆனா அதே இடத்துல மாசாமாசம், மணிக்கணக்கா. அப்படி இருந்தா தோலுக்குக் கீழ ரத்தக் குழாய் பாதிச்சு, வலை பின்னின மாதிரிப் பழுப்பு ஏறிடும். கொப்புளம் வராது, எரியாது. அதனாலதான் எனக்குத் தோணல. தோலை ஒரு சுரண்டு சுரண்டி மைக்ராஸ்கோப்ல பார்த்திருந்தா பூஞ்சை இல்லேன்னு தெரிஞ்சிருக்கும். நான் கண்ணால பார்த்தே களிம்பை எழுதிட்டேன். அந்தக் கறைதான் அதோட வலிக்கு சாட்சி, நான் அதும்மேல மருந்தைப் பூசி அழிக்கப் பார்த்திருக்கேன்.

— விடுங்க டாக்டரம்மா. அதுவும் வாயைத் திறந்து சொல்லலையே. இப்ப என்ன வழி இருக்கு, அதைச் சொல்லுங்க.

— வழி இருக்கு. கட்டியை எடுக்கலாம், ஒட்டினதைப் பிரிக்கலாம். அப்புறம் மாசாமாசம் ரத்தம் வராம நிறுத்தற ஹார்மோன் ஊசி. ரத்தம் கசியலேன்னா கத்தறதுக்குக் காரணம் குறையும். முழுசா ஓயாது, ஆனா அந்த ஒரு வாரம் சின்னதாகும். ஆனா திரும்ப வரவும் வரலாம். டைரக்டர் அதையும் கேப்பார். இப்படி விட்டு விட்டு வலிச்சுக்கிட்டு ஒரு உயிர் இருக்கணுமா, அது வாழ்க்கையான்னு கேப்பார். நான் என்னக்கா சொல்லட்டும்?

— வாழ்க்கைதான்னு சொல்லுங்க.

— அவ்ளோ உறுதியாவா?

— அந்த மிச்ச நாளுக்காக அந்த வாரத்தைத் தாங்கலாம். கொண்டை ஊசி திருடறது ஒண்ணும் சின்ன சந்தோஷம் இல்ல. நான் சொன்னேன்னே சொல்லுங்க. போன் எடுங்க, கண் இமை துடிக்குது.

— ஹலோ, சார். நான்தான். ஆமா சார், பார்த்துட்டேன். புத்துநோய் இல்ல. இல்ல சார், தினமும் இல்ல, மாசத்துல ஒரு வாரம். கூடவே இருக்கறவங்க சொல்றாங்க சார், இதை அவங்களை விட நல்லாத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. ஊசியைத் தூக்கிப் போடலாம்னு நினைக்கறேன். ஆபரேஷன் நான் பண்றேன், என் ஆஸ்பத்திரி சிநேகிதியும் வர்றேன்னிருக்கா. சரி சார். ரொம்ப நன்றி சார்.

— என்ன சொன்னாரு?

— எழுப்புங்கன்னார்.

— எழுப்ப வேணாம், எழுந்தாச்சு. பாருங்க, முழிக்கறதை. யாருடி உன்னை மொட்டை அடிச்சதுன்னு தேடறியா? இவங்கதான். நல்லாப் பார்த்து வெச்சுக்கோ. ம், இரு, எழுந்திரிக்காத, தலை சுத்தும். இந்தா, என் விரலைப் பிடிச்சுக்கோ.

— பிடி பலமா இருக்கு. நல்லது. அந்தக் களிம்பை இன்னியோட நிறுத்திடுங்கக்கா.

— டாக்டரம்மா, ஒரு சந்தேகம். அந்த வலை மாதிரிக் கறை சூட்டுல வந்ததுன்னா, எவ்ளோ தடவினாலும் களிம்பு கேக்காதா?

— கேக்காது. சூட்டை விட்டாத்தான் மெதுவா மங்கும். ஏன்?

— அதானே பார்த்தேன். மகாராணிக்கு ஒரு டியூப்தான் ஆச்சு, மத்ததெல்லாம், மாசாமாசம் அந்த ஒரு வாரம் இந்தச் சுவத்துல சாஞ்சு சாஞ்சு என் இடுப்புல வந்த வலைக் கறைக்குத் தடவினேன்.